ஐந்து வயது குறைந்தவர்

அவர் செத்தபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஜெர்மன் அரசாங்கத்தைக் கேட்டால் அறுபத்து மூன்று என்று சொல்லும். வேலைத்தலத்தில், மத்தியான இடைவேளையில், கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். மனைவி இணையத்தில் போட்ட மரண அறிவித்தலில் உண்மையான பிறந்த திகதி இருந்தது. ஹம்பேர்க்கில் பதிவு அலுவலகம் கொடுத்த மரணச் சான்றிதழில் மற்றத் திகதி. ஊரில் கிடக்கும் ஒரு துண்டுக் காணி விடயமாக அந்தச் சான்றிதழைத் தமிழாக்கித் தரச்சொல்லி மனைவி எனக்குக் கொடுத்தனுப்பினார். தான் வரவில்லை. நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து முத்திரை வாங்கிய மொழிபெயர்ப்பாளன். மூலத்தில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். பொய்த் திகதியை அழகாக எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அந்த மரண அறிவித்தலுக்குக் கீழே ஊர்ப்பட்ட பேர் அனுதாபம் எழுதியிருந்தார்கள். நல்ல மனிதர், யாருக்கும் இல்லையென்று சொல்லாதவர், முகம் கோணாதவர். எல்லாம் சரிதான். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருவரை நல்ல மனிதர் என்று நாலு பேர் சொன்னால், அந்த நாலு பேரும் அவரிடம் என்ன வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும். நான் வாங்கியதை இங்கே சொல்கிறேன். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் இதுவும் ஒரு அனுதாபச் செய்தி ஆகிவிடும்.

எண்பதுகளின் நடுவில், தென்ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்து அகதி விடுதிக்கு அவரும் நானும் ஒரே கிழமையில் வந்து சேர்ந்தோம். ஒரே அறை. அவருக்கு இருபத்தேழு வயது, எனக்கு இருபத்து நான்கு. வயதைக் குறைத்துச் சொல்லும்படி அவரைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். சின்னப் பெடியன்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பது அப்போது எல்லாரும் நம்பிய கதை. இவரும் இருபத்திரண்டு என்று பதிந்துவிட்டார். பதிந்த பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது. அறையில் நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவது யாருடைய காதிலாவது விழுந்தால்? விசாரணைக்கு வரும் மொழிபெயர்ப்பாளர்களும் எங்கள் ஆட்கள்தானே. முறையை மாற்றிக்கொண்டோம். அன்றுமுதல் நான் அண்ணை, அவர் தம்பி.

முதல் கிழமை இருவரும் சிரித்தோம். ஒரு மாதத்தில் சிரிப்புப் போய்விட்டது. ஒரு வருடத்தில் நான் உண்மையாகவே மூத்தவன் மாதிரி நடக்கத் தொடங்கிவிட்டேன். அவருக்குப் புத்தி சொன்னேன், அதட்டினேன், அவருக்கு எது நல்லது என்று நானே தீர்மானித்தேன். மூன்று வயது மூத்த மனிதர் எதிரே நின்று “ஓம் அண்ணை” என்று கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரேயொரு குணம்தான் உண்டு. பிழை யாருடையதாக இருந்தாலும் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்வார். விடுதிச் சமையலறையில் ஒருநாள் யாரோ அடுப்பை நிறுத்தாமல் போய், சட்டி கருகி, தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. பொறுப்பாளர் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டார். இவர் கையைத் தூக்கினார். அன்று அவர் அடுப்புப் பக்கமே போகவில்லை. நாங்கள் இருவரும் அறையில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, யாராவது ஒருவர் ஓம் என்றால்தானே மற்றவர்கள் போய்ச் சாப்பிடலாம் என்றார். ஒரு மாதம் அவருக்குச் சமையலறைக்குள் போகத் தடை. உண்மையில் சட்டியை எரித்தவன் அந்த ஒரு மாதமும் அவரைக் கடந்து போய்த்தான் சமைத்தான். ஒருநாள்கூட ஒரு பிடி சோறு கொண்டுவந்து கொடுத்ததில்லை.

விடுதிக்கு எதிரே அமெரிக்கப் படைமுகாம். கம்பி வேலிக்கு அப்பால் ஒரு பேஸ்பால் மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அந்த நகரத்து ஜெர்மன் கழகம் ஒன்றுக்கும் ஆட விட்டிருந்தார்கள். ஒருநாள் பந்து வேலி தாண்டி, தெரு தாண்டி, நாங்கள் உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே வந்து விழுந்தது. இவர் எடுத்து, நின்ற இடத்தில் நின்றபடியே எறிந்தார். பந்து தெருவையும் வேலியையும் கடந்து, கையை உயர்த்தி நின்ற ஒருவருடைய கையுறைக்குள் நேரே போனது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை உதறினார். அவர்தான் கழகத்தின் பயிற்சியாளர். ஒரு அமெரிக்கர். படையில் இருந்து ஓய்வு பெற்று, ஜெர்மன் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். அவருக்கு ஆங்கிலம், எனக்கும் ஆங்கிலம். அப்படித்தான் நான் நடுவில் வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் இவர் வேகப்பந்து வீச்சாளர். முழங்கை மடங்குகிறது, இது வீச்சு இல்லை எறி என்று ஒரு நடுவர் இவரை நிறுத்தினாராம். பார்த்துக்கொண்டிருந்த சனம் நடுவரை அடிக்கப் போனதாம். குறுக்கே போய் நின்று, ஓம், நான் எறிந்தது உண்மைதான் என்று சொன்னவரும் இவர்தானாம். அதோடு அவருடைய கிரிக்கெட் முடிந்தது. ஊரில் எந்தக் குற்றத்துக்கு நிறுத்தினார்களோ, அதற்கு இங்கே கை தட்டினார்கள். பேஸ்பாலில் ஒருவர் சின்ன மண்மேட்டில் நின்று எறிந்துகொண்டே இருக்க வேண்டும். அவருடைய கைதான் அணியின் தலையெழுத்து. ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் எறிய வேண்டி வரும். பிறகு நாலைந்து நாள் அந்தக் கையைத் தூக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த விளையாட்டில் எல்லாருக்கும் தெரிந்த விடயம்.

அந்த விளையாட்டில் கிரிக்கெட்டில் இல்லாத ஒரு கொடுமையும் உண்டு. ஒருவர் பிடியைத் தவறவிட்டால் அதைப் பிழை என்று அவருடைய பெயருக்கு நேரே எழுதி வைப்பார்கள். கழகத்தில் அந்தப் புத்தகத்தை எழுதுவது பயிற்சியாளரின் மனைவி. யாராவது பிடியை விட்டால், இவர் இடைவேளையில் நேரே அந்த மேசைக்குப் போவார். “மைன் ஃபேலர்” என்பார். என் பிழை என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் அவர் முதலில் படித்த வசனம் அதுதான். எறிந்தவருக்கும் பிடியை விட்டவருக்கும் சம்பந்தம் இல்லை என்று அந்த அம்மா விளங்கப்படுத்திப் பார்ப்பார். இவர் அசையமாட்டார். கடைசியில் அவர் சிரித்துவிட்டு இவருடைய பெயருக்கு நேரே எழுதிவிடுவார்.

பிடியை விட்டவர்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு பழகிவிட்டது. பந்து கையால் நழுவி விழுந்ததும் இவரைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். இவரும் அங்கிருந்து கையைக் காட்டுவார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற மாதிரி. அதைக் கண்டு நானும் சிரித்திருக்கிறேன். நல்ல பகிடியாகத்தான் இருந்தது.

மூன்றாம் வருடம் அந்தக் கழகம் மேல் பிரிவுக்கு ஏறும் நிலைக்கு வந்தது. கடைசி நாளில், ஒரே நாளில், இரண்டு ஆட்டம். இரண்டையும் வென்றால் ஏறலாம். கழகத்தின் மற்ற எறிபவர் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். முதல்நாள் பின்னேரம் பயிற்சியாளர் எங்கள் விடுதி அறைக்கு வந்து, கட்டிலின் ஓரத்தில் இருந்து, ஒரு கதை சொன்னார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் வீரர். பயிற்சியாளரின் தகப்பன் சின்ன வயதில் நேரில் பார்த்த ஆள். பெயரும் சொன்னார், எனக்கு மறந்துவிட்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவருடைய மகன். பெரிய அணி ஒன்றில் சேர்வதற்காக இருபத்தேழு வயதில் இருபத்திரண்டு என்று சொன்னவராம். அந்தக் காலத்தில் அங்கே எல்லாரும் அப்படிச் செய்வார்களாம். இதைக் கேட்டதும் எங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பயிற்சியாளர் ஒன்றும் தெரியாமல்தான் சொல்லிக்கொண்டு போனார். ஒருநாள் மற்ற எறிபவருக்குக் காய்ச்சல் வர, அந்த வீரர் இரண்டு ஆட்டத்தையும் தானே எறிந்து வென்று கொடுத்தார். சனம் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது. முதலாளி கை எப்படி என்று கேட்டார், நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த மாதமும் இரண்டு ஆட்டம் எறியச் சொன்னார்கள், எறிந்தார். பத்திரிகைகள் இரும்புக் கை என்று எழுதின.

அது முதல் பாதி. மூன்றாம் வருடம் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. பெரிய அணி அவரைச் சின்ன அணிக்குத் தள்ளியது. சின்ன அணி அதைவிடச் சின்ன ஊருக்குத் தள்ளியது. வருடத்துக்கு ஒரு ஊர், ஒவ்வொரு ஊரும் முந்தியதைவிடச் சிறியது. கடைசியில், சனம் அவரைத் தோளில் தூக்கிய அதே மைதானத்தின் வாசலில் நின்று, இடது கையால் நுழைவுச்சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளரின் தகப்பன் அவரைப் பார்த்தது அங்கேதான்.

இதைச் சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நாளைக்கு இரண்டையும் இவர் எறிய வேண்டும் என்றுதான் தனக்கு ஆசை, அதை மறைக்கவில்லை என்றார். ஆனால் ஏலாது என்று இவர் சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள், முழுக் கதையையும் சொல்லி இவரையே முடிவெடுக்கச் சொல் என்றார். நேர்மையான மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

காரணம் சிம்பிள். கழகத்துக்குப் பணம் கொடுத்து வந்த வியாபாரி ஒருவர் பெரிய களஞ்சியசாலை வைத்திருந்தார். கழகம் மேலே ஏறினால் எங்கள் இருவருக்கும் அங்கே வேலை தருவதாகவும், வேலை அனுமதிக்குத் தானே அலுவலகத்தில் பேசுவதாகவும் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக வேலை செய்ய அனுமதியில்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் கிடந்தவன் நான். ஒரு நாள் எறிந்தால் கை போய்விடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அவருடைய கை. சொல்லிக்கொண்டது நான்.

“ரெண்டு ஆட்டமும் எறிஞ்சவரோ?” என்று இவர் கேட்டார்.

“ஓம்.”

“பிறகு?”

“சனம் தோளில தூக்கிக்கொண்டு போனது.”

தன் வலது கையை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு, அப்ப நானும் எறியிறன் என்று சொல்லுங்கோ என்றார். பயிற்சியாளர் என்னிடம், எல்லாவற்றையும் சொன்னாயா என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஓம் என்றேன்.

இரண்டு ஆட்டத்தையும் வென்றார்கள். இரண்டாவது ஆட்டத்தின் பாதிக்குப் பிறகு அவருடைய கை ஒவ்வொரு எறிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்ததை நான் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தேன். பயிற்சியாளர் மேட்டுக்குப் போய்ப் போய்க் கேட்டார். இவர் தலையாட்டி அனுப்பினார். முடிந்ததும் அவரையும் தோளில் தூக்கினார்கள்தான். இறக்கிவிட்ட பிறகு என்னிடம் வந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னார். விரல்கள் மடங்கவில்லை. “நோகேல்லை அண்ணை, விறைச்சுப்போச்சு, அவ்வளவுதான்” என்றார். நான் குனிந்து அவிழ்த்துவிட்டேன்.

வியாபாரி சொன்னபடியே வேலை தந்தார். எனக்கு அலுவலக மேசைக்குப் பக்கத்தில் வேலை, அவருக்குப் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. முதல் நாள் சமூகக் காப்புறுதிக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. இரண்டு பேருடையதையும் நான்தான் நிரப்பினேன். பிறந்த திகதி என்ற இடம் வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார். “அண்ணை, இதிலையெண்டாலும் உண்மையைப் போடுங்கோ. இது வேலைக் காகிதம். கடைசிவரைக்கும் வரும்” என்றார். தன் சரியான திகதியை நாள், மாதம், வருடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு மற்றத் திகதியை எழுதினேன். இரண்டு காகிதத்தில் இரண்டு திகதி இருந்தால் வெளிநாட்டவர் அலுவலகம் கிண்டத் தொடங்கும், அவரோடு சேர்த்து என்னையும் கிண்டும் என்று பயந்தேன். அந்தப் பயம் நியாயமானது என்று இன்றைக்கும் யாரிடமும் வாதாடுவேன். ஆனால் எழுதியதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீர் கையெழுத்தை வையும் என்று நீட்டினேன். வாசிக்காமல் வைத்தார்.

இரண்டு மாதத்தில் காப்புறுதி இலக்கம் தபாலில் வந்தது. ஜெர்மனியில் அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த திகதியும் இருக்கும். மாற்ற ஏலாது, சாகும்வரை ஒரே இலக்கம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “சரி, விடுங்கோ” என்றார். நான் கேட்காத மன்னிப்பை அன்றே தந்துவிட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத விடயம். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், ஏதாவது ஒரு முடிவு வந்திருக்கும்.

அடுத்த வருடம் அவரால் எறிய முடியவில்லை. கழகம் ஒரு அமெரிக்க மாணவனைப் பிடித்து மேட்டில் நிறுத்தியது. பயிற்சியாளர் அவரைப் பார்க்க வந்தபோது, கை இப்படிப் போனதற்கு இவர்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். கழகத்தில் இருந்து போனவுடன் களஞ்சியசாலைக்கும் அவர் தேவைப்படவில்லை. நான் அதற்குள் ஜெர்மன் படித்து, ஹம்பேர்க்குக்கு வந்து, மொழிபெயர்ப்பு வேலை தொடங்கியிருந்தேன். ஒரு வருடம் கழித்து அவரும் வந்தார். துறைமுகத்துப் பக்கம் கொள்கலன்களில் வரும் பெட்டிகளை இறக்கும் வேலை கிடைத்தது. வலது கையால் தாங்கி, இடது கையால் தூக்கி, முப்பது வருடத்துக்கு மேல் இறக்கினார். ஊரிலிருந்து பெண் வந்து கலியாணமும் நடந்தது.

பல வருடம் கழித்துப் பயிற்சியாளர் மனைவியோடு ஹம்பேர்க் பார்க்க வந்தார். நல்ல வயது போய்விட்டது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கடை ஒன்றில் நாலு பேரும் தேநீர் குடித்தோம். அப்போது பயிற்சியாளரும் ஜெர்மன் பேசினார், இவருக்கும் அளவான ஜெர்மன் விளங்கும். என் வேலை அங்கே இல்லை. பேச்சு வாக்கில் பயிற்சியாளர், அன்றைக்கு அந்தச் சீட்டுக் கிழித்தவருடைய கதையை உனக்குச் சொல்லியும் நீ கேட்கவில்லையே, அது இன்னும் என் மனதை அரிக்கிறது என்றார். இவர் எந்தச் சீட்டு என்று கேட்டார். பயிற்சியாளர், மைதான வாசலில், இடது கையால் என்று சொல்லிக் காட்டினார். நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் தேநீரில் இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கலக்கினார். பிறகு தன் தட்டுத்தடுமாறும் ஜெர்மனில், ஓம் ஓம், நினைவிருக்கிறது, இவர் அப்போதே எல்லாம் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்றார். அந்த அம்மா அவருடைய கையைத் தடவிக்கொடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியிலாவது என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். ரயிலில் எதிரே இருந்து, வெங்காயம் விலை ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டு வந்தார்.

சாதகப்படி அவருக்கு அறுபது முடிந்தபோது, மனைவி கோயிலில் அறுபதாம் கலியாணம் செய்து வைத்தார். அழைப்பிதழ் அடிக்கவில்லை, படம் எடுக்க வேண்டாம் என்று வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். ஜெர்மன் காகிதத்தில் ஐம்பத்தைந்து வயதான மனிதருக்கு அறுபதாம் கலியாணம் எப்படி நடக்கும்? ஐயர் தாலி எடுத்துக் கொடுத்தார். இவர் கையைத் தூக்கிக் கட்ட முடியாமல் நின்றார். மனைவி முழந்தாளிட்டுக் கழுத்தைக் கீழே கொடுத்தார். அதே வருடம் வேலைத்தலத்தில் ஐம்பத்தைந்து என்று கேக்கும் வெட்டினார்கள். கேக்கில் ஒரு துண்டு எனக்கும் கொண்டுவந்து தந்தார்.

அறுபத்தாறு வயதில் அந்தக் கை ஒன்றுக்கும் உதவாமல் போனது. உண்மையான திகதி இருந்திருந்தால் அப்போது ஓய்வூதியம் கிடைத்து வீட்டில் இருந்திருப்பார். காகிதத்தில் அறுபத்தொன்றுதான். இன்னும் ஐந்து வருடத்துக்குப் பெட்டி இறக்க வேண்டும். மனைவிதான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “சேட்டுக்குத் தெறி பூட்டி விடுறதும் நான்தான் அண்ணை. சீப்பால தலை இழுக்கக்கூட கை எழும்பாது. அஞ்சு வருசம் இவர் தாங்கமாட்டார். நீங்கள் போனால் சரிவரும்தானே?” என்றார். திகதியைத் திருத்த விண்ணப்பம் எழுதினேன். ஓய்வூதிய அலுவலகத்தில் போய்ச் சந்திக்க ஒரு நாளுக்கு டெர்மின் கிடைத்தது. காகித விடயம் என்றால் அவருக்குத் தன் ஜெர்மனில் நம்பிக்கை இல்லை. நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். அவசரப்படாமல் பேசினார். முதன்முதலில் காப்புறுதிக்குக் கொடுத்த திகதிதான் சட்டத்தில் நிற்கும், அதற்கு முந்திய ஒரு பத்திரம் இருந்தால் மாற்றலாம் என்றார். ஊரில் அவருடைய பிறப்பைப் பதிந்த புத்தகங்கள் சண்டையில் போய்விட்டன. கையில் இருந்தது சாதகக் கொப்பி மட்டும்தான். அதிகாரி அந்தப் பழுப்புத் தாள்களை மெதுவாகப் புரட்டிப் பார்த்தார். முத்திரையோ, எழுதிய திகதியோ இல்லையே என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். பிறகு கோப்பில் இருந்து ஒரு நகலை எடுத்து மேசையில் வைத்தார். களஞ்சியசாலையில் நான் நிரப்பிய படிவம்.

கீழே உள்ள கையெழுத்து உங்களுடையது, ஆனால் மேலே நிரப்பியது வேறொரு கை போலத் தெரிகிறது, யார் அது என்று கேட்டார். அந்த ஆள் இப்போதும் இருந்தால், இவர் சரியான திகதியைத்தான் சொன்னார், நான்தான் வேறு எழுதினேன் என்று ஒரு கடிதம் தந்தால் போதும், நான் மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். உறுதி சொல்லமுடியாது, ஆனால் வழி இருக்கிறது என்றார்.

அதை ஒரு சொல் விடாமல் தமிழில் அவருக்குச் சொன்னேன். என் விண்ணப்பக் கடிதமும் அந்தப் படிவமும் மேசையில் அருகருகே கிடந்தன. இரண்டிலும் ஒரே கை. வாயைத் திறந்து இரண்டு வசனம் சொன்னால் போதும். என் முத்திரையை நினைத்தேன். பொய்த் திகதி என்று தெரிந்தே அரசாங்கப் படிவத்தில் எழுதிய ஒருவனை நீதிமன்றம் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளனாக வைத்திருக்குமா என்று நினைத்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக ஹம்பேர்க்கில் எங்கள் ஆட்கள் எனக்குத் தரும் மரியாதையை நினைத்தேன். அவருடைய கையையும் நினைத்தேன், அதை மறைக்கவில்லை. எல்லாவற்றையும் நினைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் எழுதினனான் எண்டு சொல்லுங்கோ அண்ணை” என்றார்.

“தம்பி, வடிவா யோசிச்சுச் சொல்லும்” என்றேன். இப்படி ஒரு வசனம் என் வாயில் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

“இதில யோசிக்க என்ன கிடக்கு. சொல்லுங்கோ.”

சொன்னேன். தானே எழுதியதாகச் சொல்கிறார் என்று நல்ல ஜெர்மனில், நிதானமாகச் சொன்னேன். அதிகாரி இவரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். உறுதியாகவா என்று கேட்டார். இவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் “யா” என்றார். அவர் குறித்துக்கொண்டு கோப்பை மூடினார்.

பின்னேர வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் அவசரப்பட்டார். படியில் இறங்கும்போது குளிர்சட்டையின் வலது கைக்குள் அவருடைய கை போகவில்லை. நான் பிடித்துவிட்டேன். தெருவுக்கு வந்ததும் நின்றார்.

“உங்களுக்கு இதால ஒரு கரைச்சலும் வராதுதானே?” என்று கேட்டார்.

வராது என்றேன். வரவும் இல்லை.